சீசனில் மணி அடிப்பதில்லை

ஸ்கெல்பியில் கோடைக்காலத்தில் யாரும் சாவதில்லை. ஊருக்கு வருகிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று ஊரும் எண்பது வருஷமாக மெனக்கெட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் அங்கே இருந்தது மணலும் உப்புக்காற்றும் மீன்பிடிக்கிறவர்களின் பதினோரு குடிசையும்தான். பிறகு ரயில் வந்தது. ரயிலோடு ஒரு டாக்டரும் வந்து சேர்ந்தார். இந்தக் காற்றில் ஒரு வாரம் இருந்தால் ஆயுளில் ஒரு வருஷம் கூடும் என்று சின்னதாக ஒரு புத்தகம் போட்டார். இங்கிலாந்திலேயே சாவு குறைந்த ஊர் இதுதான் என்றும் அதில் எழுதியிருந்தது. சாகக் கிடக்கிறவர்களை எல்லாம் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிட்டால் எந்த ஊரிலும் சாவு குறையத்தான் செய்யும். அந்த டாக்டரே நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்தச் சங்கதி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் கொள்ளாமல் ஜனம் வந்து இறங்கி மணிக்கூண்டுப் பக்கம் திரும்பியபோது, எதிரே கருப்புக் குதிரை பூட்டிய சவவண்டி வந்ததாம். கோயில் மணி வேறு நிற்காமல் அடித்ததாம். கூட்டத்தில் பாதி அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டது. அன்று சாயங்காலமே விடுதிக்காரர்கள் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஊரில் யார் செத்தாலும் காலை ஆறரை மணிக்கு அடக்கம். கடற்கரைச் சாலை பக்கமே போகக்கூடாது, காஸ் கம்பெனி சந்து வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மணி அடிக்கக்கூடாது. வீட்டார் கருப்பு உடுத்திக்கொண்டு வெளியே வரக்கூடாது. இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் சட்டத்தை மீறினவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு, இந்த ஏற்பாட்டை மீறினவள் ஒருத்திதான். பேக்கரி ஆனி டாஸ்கர்.

ஆனியின் மகன் இருபது வயதில், ஒரு ஜூலை மாதத்தில், படகு கவிழ்ந்து போனான். அவள் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, வயதுக்கு ஒன்றாக இருபது முறை மணி அடிக்க வைத்தாள். அடுத்த வாரம் விடுதிக்காரர் சங்கத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் போனது. 'தங்கள் துக்கத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம், ஆனால்' என்று தொடங்கியது. ஆனால் என்று எழுதிவிட்ட பிறகு துக்கத்துக்கு என்ன மரியாதை? கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் சங்கத்தின் செயலாளர் ஹெஸ்டர் ரட்கின். அதைக் கேள்விப்பட்டு அவள் கணவன் க்ளெம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"ஒரு மணி அடிச்சா கடல் வத்திப்போயிடுமா ஹெஸ்டர்?" என்று மூன்றாம் நாள் கேட்டான். தான் செய்தது சரி என்றுதான் அப்போது நினைத்தாள்.

இது நடந்து ஆறு வருஷம் கழித்து, ஐம்பத்தாறாம் வருஷம் ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை க்ளெம் செத்துப்போனான்.

ஹெஸ்டர் போன்ற விடுதிக்காரிகளுக்குச் சனிக்கிழமை என்றால் உட்கார நேரம் இருக்காது. பத்தரைக்குப் பழைய ஆட்கள் கிளம்புவார்கள், ஒரு மணிக்குப் புது ஆட்கள் வந்து நிற்பார்கள். நடுவில் ஏழு அறைக்கும் படுக்கைத்துணி மாற்றிப் பெருக்கித் துடைத்து, பதினான்கு பேருக்குச் சமைக்கவும் வேண்டும். க்ளெம்முக்குக் கடற்கரையில் கித்தான் நாற்காலி வாடகைக்கு விடுகிற வேலை. முப்பத்தோரு வருஷமாக அதே இடம். எந்தக் குடும்பம் எங்கே உட்காரும், எந்தக் கிழவருக்கு வெயில் முதுகில் படவேண்டும், எல்லாம் அவனுக்கு அத்துபடி. அன்று முந்நூறு நாற்காலியை விரித்துவிட்டுப் பதினோரு மணிக்கு டீ குடிக்க வீட்டுக்கு வந்தான்.

"ஹெஸ்டர், டீல சக்கர போட்டியா?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"போட்டிருக்கேன்யா, கலக்கிக் குடி! அதுக்கும் நான் எறங்கி வரணுமா?" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்தபோது டீ அப்படியே இருந்தது. க்ளெம் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தான். அவள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்குப் பெல்லாமி வந்தார். ஊரிலேயே பெரிய ஹோட்டலின் முதலாளி, சங்கத் தலைவர். கொல்லைப்புறமாகத்தான் வந்தார்.

"ஹெஸ்டரம்மா, என்ன சொல்றதுன்னே தெரியல. தங்கமான மனுஷன்," என்றார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. "செவ்வாய்க்கிழமை ஆறரைக்குன்னு பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன்."

"மத்தியானமா வைக்கக் கூடாதா, மிஸ்டர் பெல்லாமி? கடற்கரைச் சாலை வழியா. ஒரே ஒரு தடவ. அத்தன வருஷம் அவரு நின்ன எடம். அவர் நாற்காலில ஒக்காராதவங்க யாரு இருக்காங்க?"

"அதுக்குத்தாம்மா யோசிக்கிறேன். அத்தன பேருக்கும் தெரிஞ்ச மொகம். இன்னிக்கு ஆறாயிரம் பேரு வந்து எறங்குறாங்க. வருஷம் பூரா பஞ்சாலையிலயும் எரிஉலையிலயும் வெந்து, ஒரே ஒரு வாரம் சிரிக்க வராங்க." கொஞ்சம் தயங்கினார். "ஒங்களுக்குத் தெரியாததா? ஆனிக்குக் கடுதாசி எழுதினதே நீங்கதானே."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது ஹெஸ்டருக்கு அன்று தெரிந்தது. தெரிந்து என்ன, தலையை ஆட்டினாள். பன்னிரண்டரைக்குச் சவப்பெட்டிக்காரர் சலவைக்கடை வேனில் வந்து, வெள்ளைத் துணி போர்த்திக் க்ளெம்மை எடுத்துப் போனார். சீசனில் அவருக்கு அந்த வேன்தான். அவள் முகம் கழுவிக்கொண்டு உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள்.

ஒரு மணிக்கு வாசலில் முதல் ஆளாக வந்து நின்றவர் ஆம்ப்ரோஸ் ஸ்டானிலேண்ட். ஷெஃபீல்டில் கத்தி தீட்டுகிறவர், மனைவியை இழந்தவர். யுத்த வருஷங்கள் போக, இருபத்திரண்டு வருஷமாக ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அவருக்கு இந்த வீடுதான். ராச்சாப்பாடு முடிந்ததும் அவரும் க்ளெம்மும் டாமினோ ஆட உட்காருவார்கள். வருஷத்தில் ஏழே சாயங்காலம் பழகுகிற சிநேகம், ஆனால் கூடப்பிறந்தவர்களிடம்கூட அப்படி ஒரு ஒட்டுதல் இருக்காது. போன வருஷம் கடைசி ஆட்டத்தில் ஆம்ப்ரோஸ் க்ளெம்மைப் பார்த்து "ஏமாத்துறே" என்று சொல்லிவிட்டார். க்ளெம் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு எழுந்து போனான். மறுநாள் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போகவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தும் இரண்டு பக்கமும் இல்லை.

"எங்க அந்தக் கெழட்டு நரி?" என்றார் ஆம்ப்ரோஸ், பெட்டியைக் கீழே வைக்காமலே. "இன்னும் கோவமா இருக்கானா, கோவம் எறங்கிடுச்சா?"

அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் குழந்தை குட்டிகளோடு, வாளியும் கையுமாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஹல் பட்டணத்துக்கு, தம்பி வீட்டுக்குப் போயிருக்காரு," என்றாள் ஹெஸ்டர். "தம்பிக்கு ஒடம்பு சரியில்ல. படுத்த படுக்கையா இருக்காரு."

"இந்த வாரம் பாத்தா?"

"நோவு வாரம் பாத்தா வருது, மிஸ்டர் ஸ்டானிலேண்ட்?"

அவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். அந்த நொடியிலேயே கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டு எடுத்துத் தருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

ஊர் முழுக்க ஒரே பேச்சாகத்தான் இருந்தது. கடற்கரையில் புதிதாக நாற்காலி போட்ட ஆளும், ஐஸ்கிரீம் விற்கிறவளும், பஸ் கண்டக்டரும், க்ளெம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹல் என்றே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் ஒருவர், "வயசான காலத்துல ஹல்லுல யாரையாச்சும் புடிச்சிட்டாரா, என்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹெஸ்டரும் சிரித்தாள். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அன்று மத்தியானம் ஆம்ப்ரோஸ் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி, அவரே தீட்டியது.

"க்ளெம்முக்கு," என்றார். "போன வருஷம் நான்தான் எண்ணிக்கையில தப்பு பண்ணினேன். வீட்டுக்குப் போயி யோசிச்சப்பதான் தெரிஞ்சுது. எழுதலாம்னா கை வரல."

"குடுங்க, நான் குடுத்துடறேன்."

"ஐயையோ, அது ஆவாதும்மா. கத்தியச் சும்மா குடுத்தா சிநேகம் அறுந்துபோயிடும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அவன் கையால ஒரு பென்னி குடுத்துத்தான் வாங்கிக்கணும். வரட்டும், சனிக்கெழம வரைக்கும் இருக்கேனே."

செவ்வாய்க்கிழமை விடியும்போது கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரையே மூடியிருந்தது. காஸ் கம்பெனி சந்தில் தள்ளுவண்டி ஒன்று க்ளெம்மைக் கொண்டுபோனது. பின்னால் நடந்தவர்கள் நாலே பேர். படுத்த படுக்கையாக இருப்பதாகச் சொல்லப்பட்ட தம்பி சேத், முதல் ரயிலில் வந்திருந்தான். பெல்லாமி சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். ஹெஸ்டர் ஏப்ரனுக்கு மேலேயே மழைக்கோட்டைப் போட்டு, தலையைத் துணியால் மூடிக்கட்டியிருந்தாள். நாலாவதாக வந்தவள் ஆனி டாஸ்கர். தலையிலிருந்து கால் வரை கருப்பு. பெல்லாமி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ எழுதின கடுதாசி இன்னும் என் மேசைல இருக்கு, ஹெஸ்டர்," என்றாள் ஆனி, நடந்துகொண்டே.

"எரிச்சிடு ஆனி."

"எரிக்க மாட்டேன். அதுக்காக க்ளெம்ம அநாதையா அனுப்பிடுவேனா? எம்புள்ள போனன்னிக்கு அவன்தான் வந்து மணிக்கயித்தப் புடிச்சு அடிச்சான். அதாவது தெரியுமா ஒனக்கு?"

ஹெஸ்டருக்குத் தெரியாது. இருபது முறையும் தன் கணவன்தான் அடித்தான் என்பதை அவன் வண்டிக்குப் பின்னால் நடக்கும்போதுதான் தெரிந்துகொண்டாள். பாதிரியார் யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெல்லிய குரலில் படித்து முடித்தார். ஏழு பத்துக்கு மண் தள்ளியாயிற்று. ஏழரைக்கு அவள் அடுப்படியில் நின்று பேக்கன் வறுத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருந்த மண்ணை முட்டை உடைக்கும்போதுதான் பார்த்தாள்.

வியாழக்கிழமை நாள் பூராவும் மழை. காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கதவு திறப்பது எல்லா விடுதியிலும் வழக்கம். ஆம்ப்ரோஸை மட்டும் அவள் உள்ளேயே இருக்கச் சொன்னாள். அவர் முன்னறையில் டாமினோக் காய்களை எடுத்து, இரண்டு பேர் ஆட்டத்தையும் தானே ஆடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ஹெஸ்டர், உள்ளதச் சொல்லு. தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னதெல்லாம் கதைதானே?"

அவள் கையிலிருந்த துடைக்கிற துணி அப்படியே நின்றது.

"நான் வரேன்னு தெரிஞ்சுதான் போயிட்டான். என் மூஞ்சில முழிக்கப் புடிக்கல. அதானே?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. அவரு ஒங்க மேல..." சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த குடும்பம் ஒன்று, "மன்னிச்சுக்குங்கம்மா, பிள்ளைங்க விறைச்சுப் போச்சு!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தது. சின்னப்பெண் ஒருத்தி நனைந்த கையால் ஹெஸ்டரின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள். ஹெஸ்டர் துண்டு எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ஆம்ப்ரோஸ் காய்களைப் பெட்டியில் போட்டு மூடியிருந்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை, எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு நாள். கடைசி நாள் காலையில் ஆம்ப்ரோஸ் சாப்பிட உட்காரவில்லை. பெட்டியோடு படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

"கத்திய டாமினோப் பெட்டி மேல வெச்சிருக்கேன்," என்றார். "காசு வேண்டாம்னு சொல்லிடு. அடுத்த வருஷம் அந்த அறைய வேற யாருக்காவது குடுத்துடு."

அவர் போய்விட்டார். ஹெஸ்டர் இரண்டு கையிலும் தட்டோடு நின்றாள். காசு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். செத்தவனை, அவன் செத்ததுகூடத் தெரியாமல், ஒரு சிநேகிதன் கைகழுவிவிட்டுப் போகிறான். தன்னால்தான் போகிறான். இனி அவள் வாயைத் திறக்காவிட்டால் சாகிற வரைக்கும் அந்த மனிதர் க்ளெம்மைக் கல்நெஞ்சுக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அவள் தட்டுகளை மேஜையில் வைத்தாள். அடுப்பில் பேக்கன் கருகிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று அப்படியே கடற்கரைச் சாலையில் ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், ஏப்ரனோடு, செருப்புக் காலோடு ஓடினாள்.

ஸ்டேஷனில் போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் ஒரே பிளாட்பாரத்தில் முட்டிக்கொண்டிருந்தன. ஆம்ப்ரோஸ் மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கார்டு கொடியை எடுத்துவிட்டான்.

"மிஸ்டர் ஸ்டானிலேண்ட்! அவரு ஹல்லுக்குப் போகல!"

"அதான் எனக்கே தெரியுமேம்மா," என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"செத்துப்போயிட்டாரு. நீங்க வந்தீங்களே, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. செவ்வாய்க்கெழம பொதைச்சோம். லீவுக்கு வந்தவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு... நான்தான் மறைச்சேன். ஒங்க மேல கோவமே இல்ல அவருக்கு."

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார்.

"செவ்வாய்க்கெழமையா?" என்றார். "காலையிலயா?"

"ஆறரைக்கு."

"காஸ் கம்பெனிப் பக்கமா ஒரு சந்து இருக்கே, அது வழியாவா?"

"ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"நான் பாத்தேம்மா." அவர் ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு அஞ்சுக்கே முழிப்பு வந்துடும். நடந்துட்டு வரலாம்னு போனேன். ஒரே பனி. ஒரு தள்ளுவண்டி, பின்னால நாலு பேரு. யாரோ நாதியத்த பொணம்னு நெனச்சேன். எங்க ஊர்ல விரோதி பொணம் போனாலும் நின்னு தொப்பிய எடுப்போம். லீவுக்கு வந்த எடத்துல எதுக்கு இந்தக் காட்சின்னு..." அவர் குரல் உடைந்தது. "முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன், ஹெஸ்டர். நீங்க கடந்து போற வரைக்கும் சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். அது க்ளெம்மா? அது நம்ம க்ளெம்மா?"

ரயில் நகர்ந்தது. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜன்னல் கை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கடைசிப் பெட்டியும் போன பிறகு அவள் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். எட்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. இனி அடக்க அவளால் முடியவுமில்லை, அவளுக்குப் பிடிக்கவுமில்லை.

புதிதாக வந்து இறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னாச்சு அந்தம்மாவுக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். போர்ட்டர் ஜாப்ளிங், க்ளெம்மோடு ஒரே வகுப்பில் படித்தவன், பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவசரமாக வந்தான்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல!" என்றான் சிரித்த முகத்தோடு. "எங்க ஊர விட்டுப் போறவங்களப் பாத்தா யாருக்கும் அழுக வந்துடும். ஒரு வாரம் இருந்து பாருங்க, நீங்களும் இப்படித்தான் அழுவீங்க!"

கூட்டம் சிரித்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் ஹெஸ்டரே அதைச் சொல்லியிருப்பாள். இவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னதற்காகச் சங்கக் கூட்டத்தில் அவனைப் பாராட்டியும் இருப்பாள்.

"என் புருஷன் செத்துட்டாரு," என்றாள் ஹெஸ்டர். உரக்கவே சொன்னாள். "க்ளெம் ரட்கின். இங்க ஒங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டவரு. செவ்வாய்க்கெழம திருட்டுத்தனமாப் பொதைச்சோம். அவருக்கு மணி கூட அடிக்கல."

சிரிப்பு நின்றது. ஜாப்ளிங் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வருஷம் முழுக்கக் காத்திருந்து ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தகப்பன் தன் பெண்குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவளை ஸ்டேஷன் வாசல் பக்கம் திருப்பி, "அதோ பாரு கண்ணு, கடல் தெரியுது!" என்றான்.

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, ஹெஸ்டரை இடிக்காமல், மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார்கள்.